மீன்காரி பாஞ்சாலியின் பேத்தி

அத்தியாயம் 14

அம்மா வருவாள் என்று அன்புக்கரசி எதிர்பார்க்கவே இல்லை.

போன வியாழக்கிழமை அன்புவின் பேட்டியோடு அந்தப் பத்திரிகை வெளிவந்ததிலிருந்து அம்மா போனை எடுக்கவில்லை. பெரும்பாக்கம் குடியிருப்பில் எதிர்வீட்டுப் பெண்தான் பேட்டியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். ‘என் பாட்டி ஓர் ஓவிய ஆசிரியை’ என்ற வரி வந்ததும் அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாளாம். அதையும் அந்தப் பெண்தான் அன்புவுக்குச் சொன்னாள்.

இன்று சனிக்கிழமை. மணி நாலு. தி.நகரில் அன்பு வேலை பார்க்கும் வைதேகி மேடத்தின் புடவைக் கடை வாசலில் வாழை கட்டியிருந்தது. உள்ளே, இன்று அறிமுகமாகும், அன்பு வடிவமைத்த பன்னிரண்டு புடவைகள் வரிசையாகத் தொங்கின. ‘பாஞ்சாலி’ என்று அந்த வரிசைக்கே பெயர். பாட்டியின் பெயர். நடுச்சுவரில் பாட்டியின் பெரிய படம்.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு நாற்காலியின் நுனியில் அம்மா சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள்.

அன்பு வைதேகியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள் வைதேகி, பெருமையோடு. “உங்கம்மா இல்லாம இந்த விழாவான்னு தோணித்து. ஆபீஸ் ரெக்கார்டுல நம்பர் இருந்தது, போன் பண்ணிட்டேன். நோக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலை.”

அம்மா, அன்பு போன தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த நீலப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கும் வேலை அவளுக்கு. சனிக்கிழமையும் வேலை உண்டு. லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். நெற்றியில் வியர்வை. கையில் கொடுத்த பழரசத்தைக் குடிக்காமல் பிடித்திருந்தாள்.

“ம்மா” என்றாள் அன்பு, பக்கத்தில் போய் நின்று. “வரேன்னு சொல்லவே இல்லியே.”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. தலையை உயர்த்திச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆயாவோட கைய காணோமே” என்றாள் மெதுவாக.

அன்பு அவள் கையிலிருந்த பழரசத்தை வாங்கப் போனாள்; அம்மா விடவில்லை.

“அந்தப் போட்டோவுல கை இருந்துச்சு. முன்னால மீன் தாம்பாளம் இருந்துச்சு. ரகுபதி எட்த்த போட்டோ ஆச்சே இது.”

ரகுபதி அம்மாவின் தம்பி. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் வைத்து அவர் எடுத்த படம்தான். கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் அன்பு வெட்டி எடுத்திருந்தாள். பின்னால் தெரிந்த தராசையும், பக்கத்துக் கடைக்காரியின் தோளையும் அழித்து வெள்ளையாக்கியிருந்தாள். இப்போது பார்த்தால் யாரோ ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை மாதிரிதான் பாஞ்சாலி ஆயா சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்த அன்று எல்லாம் தொடங்கியது. அன்பு கொண்டுவந்திருந்த வரைபடங்களை வைதேகி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பாதியில் நிமிர்ந்து, “இந்த நிறமெல்லாம் ஸ்கூல்ல சொல்லித்தர சமாச்சாரம் இல்லையே! உங்காத்துல யாராவது ஆர்ட்டிஸ்ட்டா?” என்று கேட்டாள்.

அன்று காலை ஆயாவுக்குக் கூடை தூக்கி உதவிவிட்டு வந்திருந்தாள் அன்பு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மூன்று முறை கை கழுவியிருந்தாள். அப்படியும் மேசைக்கு மேலே இருந்த கைகளை மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க பாட்டி... டிராயிங் டீச்சர்” என்றாள்.

பிறந்ததிலிருந்து ஆயா என்று கூப்பிட்டவளை அந்த ஒரு மூச்சில் பாட்டியாக்கினாள். மீன்காரியை டீச்சராக்கினாள். வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடும்.

ஆனால் வேலை கிடைத்தது. ஒரு தடவை சொன்னதை அடுத்த தடவை மாற்ற முடியவில்லை. கடையின் வீடியோவில் சொன்னாள். வாடிக்கையாளர்களிடம் சொன்னாள். போன மாதம் வந்த பத்திரிகைப் பெண்ணிடமும் சொன்னாள். பொய் அவளை விட்டுத் தனியாக நடக்கத் தொடங்கியிருந்தது.

சொன்னது எல்லாமே பொய்யாக இருந்திருந்தால்கூட மனசு இவ்வளவு அரித்திருக்காது. நிறத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஆயாதான். அது சத்தியம்.

கூவம் ஓரம் அவர்கள் குடிசை இருந்தபோது கூரையில் ஒரு ஓட்டை. மழைக்கு ஒழுகும். வெயில் காலத்தில் அந்த ஓட்டை வழியாக ஒரு துண்டு வெளிச்சம் தரையில் விழும். அது விழும் இடத்துக்குத் தண்ணீர் அண்டாவை நகர்த்தி வைப்பாள் ஆயா. கூரை முழுக்க வெளிச்சம் நெளியும். “தோ பாரு, காசில்லாத சினிமா” என்பாள். துணி காயப்போட்டால்கூட எது பக்கத்தில் எது என்று ஒரு கணக்கு. பச்சைக்குப் பக்கத்தில் பழுப்பு வந்துவிட்டால், ஈரக் கையோடு திரும்பிப் போய் மாற்றிப் போட்டுவிட்டு வருவாள்.

மார்க்கெட்டில் கேட்கவே வேண்டாம். மற்றவர்கள் மீனைக் கொட்டிக் குவிப்பார்கள். ஆயா அடுக்குவாள். சிவந்த சங்கராவெல்லாம் தலை வெளியே பார்க்க வட்டமாகச் சுற்றி வரும். அதற்குள்ளே நெத்திலி, வெள்ளி இழை மாதிரி. நடுவில் நீலமும் பச்சையுமாக நாலே நாலு நண்டு. வஞ்சிரத்தை எப்போதும் முதுகு தெரிய வைப்பாள். அந்தச் சாம்பல் நீலத்தின் மேல் கையால் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள்.

“வெட்டி விக்கிற மீனுக்கு இவ்ளோ ஜோடிப்பு இன்னாத்துக்கு பாஞ்சாலி?” என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்வாள்.

“வாங்கறவன் ஒரு நிமிசம் பாத்துட்டுப் பூடுவான். நாள் பூரா பாத்துகினு குந்தப் போறது நான்தானே?” என்பாள் ஆயா.

இன்று கடையில் தொங்கிய பன்னிரண்டு புடவைகளில் முதல் புடவை அந்த வஞ்சிரத்தின் முதுகு. ஆனால் அதன் அட்டையில் அன்பு எழுதி வைத்திருந்த பெயர் ‘மார்கழி மேகம்.’ சங்கராவுக்கு ‘அந்திச் செம்மை.’ நெத்திலிக்கு ‘நிலா இழை.’ நாலு மாதத்துக்கு முன்னால், தை மாதத்தில், ஆயா செத்துப்போன பிறகுதான் இந்த வரிசையை வரையத் தொடங்கினாள். அழுதுகொண்டே வரைந்தாள். வரைந்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் பெயர் ஒன்றுகூட இல்லாமல் அட்டை எழுதினாள்.

விளக்கேற்றி முடிந்தது. முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். மயிலாப்பூர், அடையாறு வாடிக்கையாளர்கள். வைதேகி மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, மைக்கோடு நேராக அம்மாவிடம் போனாள்.

“இவா அன்புவோட அம்மா. பாஞ்சாலி அம்மாளோட பொண்ணு. உங்கம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோளேன்.”

அம்மா எழுந்து நின்றாள். சொல்லிவிடப் போகிறாள் என்று அன்பு நினைத்தாள். சொல்லிவிடட்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. சொல்லிவிடக் கூடாது, சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது.

“எங்க அம்மா பேரு பாஞ்சாலி” என்றாள் அம்மா. “சிந்தாதிரிப்பேட்டையில... சின்னப் பிள்ளைங்களுக்கு... படம் வரைய சொல்லித் தருவாங்க.”



அம்மா ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்தாள். ‘இன்னா’ வந்துவிடாமல், ‘கீது’ வந்துவிடாமல், டி.வி.யில் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி பேச முயன்றாள். வேலை செய்யும் கம்பெனியில் பெரிய அதிகாரி எதிரே வந்தால் துடைப்பத்தோடு சுவரோரம் ஒதுங்கி நிற்பாளே, அதே மாதிரி தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், சுந்தரராமன் என்று பெயர், ஓவியங்கள் வாங்கிச் சேர்ப்பவர், ஆர்வமாகக் கேட்டார். “அவங்க என்ன மாதிரி வரைவாங்கம்மா? வாட்டர் கலரா?”

அம்மாவுக்குப் புரியவில்லை. ஒரு கணம் அன்புவைப் பார்த்தாள்.

“தண்ணி” என்றாள். “ஆமாங்க. தண்ணி நிறைய ஊத்துவாங்க.”

“பலே!” என்றார் அவர். “வாட்டர் கலர்தான் கஷ்டம்.”

“காலையில நாலு மணிக்கே எழுந்துடுவாங்க. அவங்க கையில எப்பவும் ஒரு வாசனை இருக்கும். எவ்ளோ கழுவினாலும் போகாது.”

“பெயிண்ட் வாசனை” என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

அம்மா சுவரில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்தாள்.

“ஆமா” என்றாள். “பெயிண்ட்டு.”

எல்லாரும் கைதட்டினார்கள். அன்புவும் தட்டினாள். தன் கைகள் தட்டுவதை அவளே பார்த்தாள். பெற்ற தாயை அம்மா நாற்பது பேர் முன்னால் இல்லாமல் ஆக்கிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். யாருக்காக? மகள் தலை குனியக் கூடாதே என்பதற்காக.

கூட்டம் புடவைகளைப் பார்க்கக் கலைந்தது. சமோசாத் தட்டுகள் சுற்றி வந்தன. ஒரு பெண் ‘மார்கழி மேகம்’ புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து, “மழை வரதுக்கு முன்னாடி வானம் இப்படித்தான் இருக்கும்” என்றாள். “ஆமாம்” என்று தலையாட்டிவிட்டு அன்பு திரும்பியபோது, படத்துக்குக் கீழே நாற்காலி காலியாக இருந்தது. பழரசம் தரையில் அப்படியே இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். அம்மாவைக் காணவில்லை.

திரும்பி வந்தவள் நேராக வைதேகியின் அறைக்குப் போனாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“மேடம், எங்க ஆயா டீச்சர் இல்ல.”

வைதேகி நிமிர்ந்தாள். “என்னம்மா?”

“மீன் வித்தாங்க. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ல நாப்பது வருஷம். கூவம் ஓரத்துக் குடிசைய இடிச்சு எங்கள பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டப்புறம் அங்க பிளாக் வாசல்ல. அந்தப் புடவைங்க எல்லாம் மீனோட கலர். மேகம் இல்ல, நிலா இல்ல. எங்கம்மா இப்ப சொன்னது எல்லாம் எனக்காகச் சொன்ன பொய்.”

வைதேகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெளியே யாரோ சிரித்தார்கள்.

“மூணு வருஷம்” என்றாள்.

“ஆமா மேடம்.”

“மீன்காரியோட பேத்தின்னு தெரிஞ்சா நான் வேலை குடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சியா?”

அன்பு தலையைக் குனிந்துகொண்டாள்.

வைதேகி மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு, “குடுத்திருப்பேன்னு சட்டுனு சொல்லத்தான் வாய் வரது” என்றாள். “ஆனா சத்தியமா எனக்கே தெரியலை. எங்காத்துல மீன்னு பேரே எடுக்க மாட்டா. நான் எப்படி இருந்திருப்பேன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. அதை நீ எனக்குக் குடுக்கவே இல்லை.”

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“பாவம் அந்த அம்மா. நான் வேற மைக்கை நீட்டிண்டு போய் நின்னேன்” என்றாள் வைதேகி. அவள் முகமும் சிவந்திருந்தது. “நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தப் பத்திரிகைப் பொண்ணு மறுபடி வரா, புடவையெல்லாம் படம் எடுக்க. அவகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்லை. நீ சொல்லணும். சொல்லலைன்னா, அதுக்கப்புறம் நாம என்ன பண்றதுன்னு யோசிக்கலாம். இப்ப முதல்ல உங்கம்மா பின்னாடி போ.”

தி.நகர் பஸ் நிலையத்தில், பெரும்பாக்கம் பஸ் நிற்கும் இடத்தில், சிமெண்டு மேடை மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். நீலப் பட்டின் முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள். அன்பு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மேடத்துகிட்ட சொல்லிட்டேம்மா. எல்லாத்தியும்.”

“ம்.”

“நீ ஏம்மா அப்படி சொன்ன? உண்மைய சொல்லிருக்கலாம்ல?”

அம்மா இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். “நீ சொல்லி, பொஸ்தகத்துல அச்சடிச்சு வந்துட்டுது. அத்தினி பேரு குந்திகினு கீறாங்க. நான் எழுந்து என் பொண்ணு பொய்க்காரின்னு சொல்லணுமா?”

அன்பு மேடையின் சிமெண்டை நகத்தால் சுரண்டினாள்.

“ஆயாவுக்கு மட்டும் இது தெரியாமப் போச்சே, அதுவே போதும்மா” என்றாள் கடைசியில். “அது செத்தப்புறம்தான பத்திரிகையில வந்துச்சு.”

அம்மா ஒரு மாதிரி சிரித்தாள்.

“தெரியாதுன்னு நெனச்சுகினு கீறியா?”

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. வேறு ஊர் பஸ்.

“போன ஆடியில உங்க கடை வீடியோ ஒண்ணு வந்துச்சே, நீ பேசிகினு இருப்பியே. எதிர்வீட்டுப் பொண்ணு போன்ல போட்டுக் காட்டுச்சு. ஆயா பாத்துச்சு. நீ டீச்சர்னு சொன்ன எடத்துல நிறுத்தச் சொல்லி, இன்னொரு வாட்டி போடுன்னுச்சு. மூணு வாட்டி கேட்டுச்சு.”

“கோவிச்சுக்கிச்சா?”

“கோவிச்சுகினு இருந்தா தேவலாமே. சிரிச்சுது. ‘பொண்ணு நல்லா பேசுது’ன்னுச்சு. மறுநாள் காலையில கூடைய எடுத்துகினு போய், மீன அப்படியே தாம்பாளத்துல கொட்டுச்சு. குமிச்சு. எல்லாரும் கொட்டற மாதிரி. நான்தான் கேட்டேன், இன்னாம்மா அடுக்கலியான்னு. ‘ஏண்டி, டீச்சரம்மாவுக்கு மீன் அடுக்கத் தெரியுமா?’ன்னுச்சு. அவ்ளோதான். அப்பால அது அடுக்கவே இல்ல.”



அந்தக் குவியலை அன்புவே பார்த்திருக்கிறாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது பிளாக் வாசலில் மீன் தாறுமாறாகக் கிடந்தது. ஆயாவுக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று நினைத்தாள். அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கிப் போட்டுவிட்டாள். ஆயாவும் ஒன்றும் சொல்லவில்லை. “ஆமா கண்ணு, சரியாத்தான் தெரியல” என்று அவள் கன்னத்தைத் தொட வந்தவள், எதையோ நினைத்துக்கொண்டு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அது ஏன் என்று அன்பு கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அழ வேண்டும் போல இருந்தது. அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பற்களைக் கடித்துக்கொண்டாள்.

பெரும்பாக்கம் பஸ் வந்தது. அம்மா எழுந்து ஏறினாள். ‘வா’ என்றும் சொல்லவில்லை, ‘வராதே’ என்றும் சொல்லவில்லை. அன்பு பின்னாலேயே ஏறினாள். மயிலாப்பூரில் அவள் தங்கியிருந்த விடுதி எதிர்த் திசையில் இருந்தது. இரண்டு டிக்கெட் எடுத்தாள். ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட, அன்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் சைதாப்பேட்டையைத் தாண்டியது. வெயில் சாய்ந்து அம்மாவின் முகத்தில் விழுந்தது.

“நாளைக்கு அந்தப் பத்திரிகைப் பொண்ணு வருதும்மா. பதினோரு மணிக்கு” என்றாள் அன்பு. “நான் சொல்லிடறேன். எல்லாத்தியும் சொல்லிடறேன்.”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீ சொல்ல வேணாம். அது என் அம்மா. நான் வந்து சொல்றேன்.”

“சரிம்மா. நாம ரெண்டு பேரும் சேந்து...”

“நீ அங்க இருக்கக் கூடாது.”

“ஏம்மா?”

பக்கத்தில் இருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அதைச் சட்டை செய்யவில்லை.

“நீ எதுர்ல நின்னா” என்றாள் அம்மா, “உன் மூஞ்சியப் பாத்துட்டு, நான் திரும்பியும் பொய்தான் சொல்லுவேன்.”